நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

ஐம்பதாயிரம் ரூபாயை ஒரே மூச்சில் செலவழிக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஜவுளிக் கடையில் இரண்டாயிரத்துக்கு மேல் விலை போட்டிருந்தால் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் அதே இரண்டாயிரத்தை முப்பது தடவை செலவழிக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். செய்தும் இருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஃப்ளாட் விற்றவர் "டிப்போவுக்கு நடக்கிற தூரம் சார்" என்றுதான் சொன்னார். (நடந்துதான் தொலைத்தோம், அவர் பொய் சொல்லவில்லை.) என் மனைவி கவிதா பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன்னால் அவள் அங்கே இருக்க வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த இரண்டு கிலோமீட்டரை, தெருநாய்களுக்குப் பயந்து கையில் ஒரு குடையோடு நடப்பாள். அதனால் ஒரு ஸ்கூட்டர் வாங்குவதற்காக இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, எண்பதாயிரம் ரூபாய் எடுத்து, எங்கள் இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். மிச்சத்தைத் தீபாவளி போனஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலக வளாகத்தில் ஒரு பையன் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் வந்து இறங்கினான். சக்கரம் வைத்த பலகை, அடியில் மோட்டார், கையில் ஒரு சின்ன ரிமோட். விசையை அழுத்தினால் போகிறது, விட்டால் நிற்கிறது. இறங்கியதும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, லேசாகத் தொப்பை. அதைப் பார்த்ததும் டிப்போவுக்குப் போகிற அந்த இரண்டு கிலோமீட்டர் என் கண் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது.

விலை விசாரித்தேன். நாற்பத்தெட்டாயிரம். அநியாயம் என்று தோன்றியது. ஒரு பலகை, ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, நாலு சக்கரம். இதில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே கவிதாவிடம் சொன்னேன்.

"நாமே செஞ்சிடலாம். பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சிடுவேன். தீபாவளிக்குள்ள திருப்பிப் போட்டுடறேன்."

"நிச்சயமா பதினஞ்சுதானே?"

"ஒரு ரூபா கூடாது."

 "சரி, எடுத்துக்கோங்க" என்றாள். அந்தச் 'சரி'யை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பலகை வந்தது. மோட்டார் வந்தது. இரண்டையும் தரையில் வைத்து ஒரு வாரம் அழகு பார்த்தேன். பிறகுதான் மோட்டாரைப் பலகையில் பூட்ட ஒரு தனி இரும்புத் தாங்கி வேண்டும் என்று தெரிந்தது. தாங்கி வாங்கினால், அதன் ஓட்டை என் அச்சுக்குப் பொருந்தவில்லை. பேட்டரி வாங்கினால் "சார்ஜர் தனி சார்" என்றார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை வாங்கி, சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்து, ஐயாயிரம் ரூபாயைக் கண் முன்னால் புகையாக விட்டேன். (சாம்பிராணிப் புகைக்காவது ஒரு வாசனை உண்டு.) அதற்குள் பதினைந்தாயிரம் எப்போதோ தாண்டியிருந்தது.

ஓட்டையைச் சரிசெய்ய அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் டில்லி அண்ணனிடம் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் மாறி மாறிப் போவேன். நாலாவது சனிக்கிழமை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், போன வாரம்தான இந்த ஓட்டைய பெருசு பண்ணிக்கினு போன? இப்ப சின்னதா ஓணும்ன்ற?"

"சக்கரத்த மாத்திட்டேண்ணே."

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ரெடிமேடா வாங்கிக்கினு வந்திருந்தா இந்நேரம் நீ ஊர சுத்திக்கினு இருந்திருப்ப."

"இவ்ளோ போட்டாச்சேண்ணே. இன்னும் ரெண்டாயிரம்தான்."

"அத்தான் போன வாரமும் சொன்ன." சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். "சக்கரம் ரொம்ப சின்னதா கீது சார். கூழாங்கல்லு குறுக்க வந்தாலே கவுத்துடும். பாத்து ஓட்டு."

அவர் சொன்ன இரண்டையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இவ்வளவு போட்டாச்சே' என்ற நினைப்பு அப்படிப்பட்டது. போட்ட பணம் வீணாகக் கூடாது என்பதற்காக இன்னும் கொஞ்சம் போடுவேன். போட்டதும் வீணாகிற பணத்தின் அளவு கூடிவிடும். அதைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்குத் தெரிந்தது கடைசி இரண்டாயிரம் மட்டும்தான். அதற்கு முன்னால் போனதெல்லாம் வேறு யாரோ செலவழித்தது போலத்தான் இருந்தது.

கவிதாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. இருபதாயிரம் ஆனபோது சொல்லியிருக்கலாம். முடித்துவிட்டுச் சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். முப்பதான பிறகு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நாற்பதுக்கு மேல் எனக்கே கணக்குப் பார்க்கப் பயம். பணம் கட்டியதும் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸை உடனுக்குடன் அழித்துவிடுவேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

இடையில் ஒரு நாள், அவள் குடையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"பலகை எந்த அளவுல இருக்குங்க?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"பணம் போதுமா?"

"தாராளமா."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நாய்கள் குரைக்கும் சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

பலகை ஒருவழியாக முடிந்தது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். எங்கள் ஃப்ளாட்டில் ஆயுத பூஜையன்று எல்லா வண்டிகளையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, கார் பார்க்கிங்கில் வரிசையாக நிறுத்துவார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சண்முகம் சார் கற்பூரம் காட்டுவார். விருதுநகர்க்காரர், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட்டைக்கூட முறைப்படிதான் முடுக்குவார். நானும் பலகைக்குச் சந்தனம் பூசி, வரிசைக் கடைசியில் வைத்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பூஜை இல்லை. நாற்பது குடும்பம் கூடியிருக்கும் இடத்தில் ஏறி நின்று, சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். அதைக் கவிதா பார்க்க வேண்டும். அவள் முகம் மலர்ந்ததும் மெதுவாகத் தொகையைச் சொல்லிவிடலாம். இதுதான் நான்கு மாதமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி.

சண்முகம் சார் பலகையைச் சுற்றி வந்தார். "தம்பி, எலுமிச்சம்பழம் எங்க?"

"இதுக்கு எதுக்கு சார்? சின்ன சாமான்தானே."

"வண்டினு வந்துட்டா சின்னது பெருசுல்லாம் கிடையாது. நாலு சக்கரத்துக்கு நாலு பழம்." அவரே குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழத்தை அளந்து வைத்தார்.

கார்கள் பழத்தை நசுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தன. ஸ்கூட்டர்கள் வந்தன. ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள்கூட வந்தது. கடைசியில் என் முறை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி நின்றேன். விசையை லேசாகத் தொட்டேன். மோட்டார் முனகியது. பலகை நகரவில்லை. என் சக்கரத்தின் உயரத்தில் பாதி இருந்தது பழம். கூழாங்கல்லுக்கே கவிழும் என்றார் டில்லி அண்ணன். எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஏறலையே தம்பி" என்றார் சண்முகம் சார்.

யாரோ சிரித்தார்கள். இறங்கி, பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. விசையை முழுவதுமாக அழுத்தினேன்.

ஒரு பழம் நசுங்கியது, இன்னொன்று பிதுங்கி ஓடியது. பலகை முன்னால் பாய, நான் பின்னால் போய் மிச்சமிருந்த இரண்டு பழங்களின் மேல் உட்கார்ந்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் விழுந்த அதிர்ச்சியில் என் கட்டைவிரல் விசையை விடவில்லை. விட்டால் நிற்கும் வண்டி, விட்டால்தானே நிற்கும்? அறுபது கிலோமீட்டர் வேகம் என்று பிறகு ஒரு குழந்தை சாட்சி சொன்னது. கேட்டைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிரே மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் மாலையும் சந்தனமுமாகக் குதித்தது. முந்தின வாரம் பெய்த மழைத் தண்ணீர் பள்ளம் நிறையக் கிடந்தது. சில குமிழிகள் வந்தன, அவ்வளவுதான்.



"காட்டின கற்பூரம் இன்னும் அணையலயே தம்பி" என்றார் சண்முகம் சார், நிஜமான வருத்தத்தோடு. பிறகு, பழைய தொழிற்சாலைப் பழக்கத்தில், நஷ்டத்தை விசாரித்தார். "மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"ஒரு பதினஞ்சு சார்" என்றேன், உட்கார்ந்தபடியே.

"அறுபத்திரண்டாயிரத்து நானூறு."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. கவிதா. நான் ஐம்பத்தைந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எனக்கு வந்து நான் அழித்த ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் அவள் எண்ணுக்கும் போயிருக்கிறது. இதில் கேவலம் என்னவென்றால், வங்கிகள் இப்படி எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் என் உத்தியோகம். 'இருவர் பெயரில் கணக்கு இருந்தால் இருவருக்கும் செய்தி போக வேண்டும்' என்பதை நானே எத்தனையோ தடவை சோதித்துச் சரி போட்டிருக்கிறேன். அவ்வளவு கச்சிதமாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். அவள் களிம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டேனே. போதுமான்னு கேட்டேன். தாராளமான்னீங்க."

நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பணம் போனா போகுதுங்க, இன்னொரு சீட்டுக் கட்டிக்கலாம். ஒவ்வொரு மெசேஜ் வரும்போதும் இன்னைக்கு சொல்லிடுவாருன்னு பார்ப்பேன். சாப்பாடு போட்டுட்டு உக்காந்து பார்ப்பேன். நீங்க ரசம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிடுவீங்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. பட்ட இடத்தில் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். (அதையும் அவள் நம்பவில்லை.) பலகையின் விலை அறுபத்திரண்டாயிரத்து நானூறு இல்லை, எனக்காக அவள் காத்திருந்த முப்பது சாப்பாட்டு வேளை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்கு விலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது.

அவள் ஸ்கூட்டர் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடமும் விடியற்காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு டிப்போ வரைக்கும் நான் கூடவே நடந்தேன். நாய்கள் இப்போது எனக்கு நல்ல பழக்கம். ஸ்கூட்டர் வந்த பிறகு, அவளுக்கு வேலையில்லாத நாட்களில் என்னை டிப்போவில் இறக்கி விடுகிறாள். பின்னால் உட்கார்ந்து போகிறேன்.

வீட்டில் இப்போதும் ஒரு வழக்கம் இருக்கிறது. குழாய் ஒழுகினாலோ மிக்ஸி மக்கர் செய்தாலோ நான் "நாமே..." என்று ஆரம்பிப்பேன். எங்கள் பெண் எழுந்து போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவாள். நான் போனை எடுத்து ஆளைக் கூப்பிடுவேன்.

இன்னொரு வழக்கம் எனக்கு மட்டும். பத்து ரூபாய் செலவழித்தாலும் கவிதாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். போன ஆயுத பூஜைக்கு அவள் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் வாங்கினேன். கடையில் நின்றபடியே, பணம் கட்டிய கையோடு போன் போட்டேன்.

"ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கினேன், இருபது ரூபா."

"மெசேஜ் வந்துடுச்சு" என்றாள். "சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."