ஆர்வோவின் எஞ்சினும் என் ஆரஞ்சு வயரும்

என் தம்பியை இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் லொரேனுக்கு, பனியில் புதைந்த எங்கள் மோட்டலிலிருந்து நாத்தனார் ஹில்யா எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரர் டோய்வோவும் சுகம். மூக்கு இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். டெட்ராய்டில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். புது சோபாவுக்குச் சொல்லியிருந்தால் கொஞ்சம் நிறுத்தி வை. காரணம் சொல்கிறேன், பழைய சோபாவிலேயே உட்கார்ந்து படி.

உன் புருஷன் பெரிய மனுஷன்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்பாவின் படகு எஞ்சினைப் பிரித்து, திரும்பப் பூட்டும்போது ஒரு கைப்பிடி நட்டு மிச்சம் வைத்தவன், கார் கம்பெனியின் சோதனை அறையில் எஞ்சினுக்குக் காவல் கிடந்து, பிஸ்டன், கியர்பாக்ஸ் என்று ஏறி ஏறி, இன்று எல்லா எஞ்சினுக்கும் தலைவன். ஆனால் இந்தப் புது எஞ்சின் அவன் கழுத்துக்குக் கத்தி. பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் ராத்திரி முழுக்க வெளியே கிடந்து, காலையில் எந்த ஒத்தாசையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அவன் நாற்காலி வேறொருவனுக்கு. அதைப் பார்க்கவே மேலதிகாரி பிரெண்டிஸ், உன் ஆர்வோவோடும் அந்த எஞ்சின் பூட்டிய வண்டியோடும் எங்கள் மோட்டலில் வந்து இறங்கியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் குப்பை கொட்டப் போனால், வாசலில் ஒரு வண்டி மூக்கில் ஆரஞ்சு வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு அநாதையாக நிற்கிறது. டெட்ராய்டுக்காரிக்கு இது புரியாது. இங்கே ராத்திரியில் அந்த வயரைக் கம்பத்து பிளக்கில் செருகினால்தான் எஞ்சின் சூடாக இருக்கும். செருகாத வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவள் மனுஷியா? யார் வண்டி என்றுகூடப் பார்க்காமல் செருகிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் அன்று காலையில்தான் அதே கம்பத்தடியில், ஐந்தாம் அறை பிரஷ் வியாபாரி, “செருகித்தானேம்மா வச்சேன், ஏன் கிளம்ப மாட்டேங்குது?” என்று கத்தினார். “வண்டியும் உங்கள மாதிரியே சோம்பேறி சார்” என்றேன்.

இன்று காலை பிரெண்டிஸ் தலையெல்லாம் கம்பளி சுற்றிக்கொண்டு நிற்கிறார். ஆர்வோ சாவியைத் திருப்பினான். ஒரே முக்கல், எஞ்சின் பிடித்துக்கொண்டது! கைதட்டல். “பிரமாதம்ப்பா! காபி எங்கம்மா?” என்று பிரெண்டிஸ் திரும்பினார். அப்போதுதான் பார்க்கிறேன், பனிக்குள்ளிருந்து நான் செருகிய ஆரஞ்சு வயர் எட்டிப்பார்க்கிறது. வண்டியிலிருந்து இறங்கிய ஆர்வோவும் பார்த்தான். பூட்ஸால் ஒரு தள்ளு, பனி மூடிவிடும். நான் கண்ணாலேயே தள்ளுடா தள்ளுடா என்கிறேன், அந்தப் பைத்தியம் குனிந்து வயரை எடுத்துத் தூக்கிப் பிடிக்கிறது.

“சார், இது செல்லாது. யாரோ செருகியிருக்காங்க.”

“யாருய்யா?”

“எங்க அக்காவாத்தான் இருக்கும். நல்லது செஞ்சே என்னைக் கொன்னுடுவா.”

“சூடு காட்டுற முள்ளு என்ன சொல்லுது?”

அது குளிரில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லையாம்.

“அப்ப நாளைக்கு இன்னொரு தடவை. கிளம்பலேன்னா உன் நாற்காலிய மறந்துடு, ஆர்வோ.”

இப்போது என் அடுக்களையில் உட்கார்ந்து, பான்கேக்கைச் சாப்பிடாமல் முள்கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். “ஏன்டா, பனியத் தள்ளி மூடியிருக்கலாமே?” என்றேன். “இந்த வண்டிய நம்பி ஒருத்தன் காட்டுப் பாதையில தனியா மாட்டிக்கிட்டா, அங்க உன் வயர் வருமாக்கா?” என்றான். திட்ட வாயெடுத்தவள், இன்னொரு பான்கேக்கை அவன் தட்டில் வைத்தேன். நான் திட்டாமல் விடுவது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உனக்குத் தெரியும். ரேடியோவோ, இன்று ராத்திரி குளிர் இன்னும் கூடும் என்கிறது.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவனை விட்டுவிடு. பிள்ளைகள் காது உறையாமல், மூளை சூடாகாமல், நூறு வருஷம் இருக்கட்டும்.

உன் நாசமாய்ப்போன நாத்தனார்,
ஹில்யா

பின்குறிப்பு: ஒட்டப்போன உறையை மறுபடி பிரித்தேன். பிரஷ் வியாபாரி திரும்பவும் கத்தினார் என்று டோய்வோ மேஜை விளக்கைக் கொண்டுபோய் அந்தக் கம்பத்தில் செருகிப் பார்த்தாராம். எரியவில்லை. எலி கம்பத்து வயரைக் கடித்து வைத்திருக்கிறது, வியாபாரி முதல்முறை கத்தியதற்கு முன்னாலிருந்தே கம்பத்தில் கரண்டு கிடையாது! எஞ்சின் தானாகத்தான் கிளம்பியிருக்கிறது. ஆர்வோ பூட்ஸ்கூடப் போடாமல் பிரெண்டிஸை இழுத்துக்கொண்டு ஓடினான். “எரியாத பல்பைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படுற ஆள இப்பத்தான்யா பாக்கறேன், உன் நாற்காலிய நீயே வச்சுக்க” என்றாராம் அவர். சோபாவை வாங்கிவிடு. நான் ஐந்தாம் அறைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன், டோய்வோவை முன்னால் விட்டுவிட்டு.