முறுக்குப் பொட்டலமும் இருபதாவது இடுக்கியும்

மறதிக்காரனிடம் பொருள் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்கக் கூடாது. என்னை வேலைக்கு எடுத்தவர்களிடம் நான் மறதிக்காரன் என்பதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம் அது. அறுவை சிகிச்சைக் கருவிகளின் கைப்பிடியில் துளையிட்டு, அரிசி மணியளவு டேக் ஒன்றை உள்ளே வைத்து அடைப்பது எங்கள் தொழில். ரீடர் என்ற கையடக்கக் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த டேக் கம்பி எதுவுமில்லாமல் தன் எண்ணைச் சொல்லிவிடும். எந்தக் கத்தரி எத்தனை முறை ஆவியில் வெந்தது, எது இன்னும் தட்டுக்குத் திரும்பவில்லை என்பதெல்லாம் திரையில் தெரியும். நோயாளியின் வயிற்றுக்குள் எதையாவது மறந்து வைத்துத் தைத்துவிடக் கூடாதல்லவா? (எங்கள் விளம்பரத் தாளில் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருப்போம்.)

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஆறு மாதத் தற்காலிக வேலையின் கடைசி வாரம். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை எங்கள் கருவிகளைக் காட்டி விளக்க வேண்டும். நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நன்றி வணக்கம் என்று பாஸ் லிம் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அம்மா அதையும் சுருக்கி, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

டேக் சூட்டைத் தாங்குகிறதா என்று கருவிகளைத் திரும்பத் திரும்ப நீராவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் பார்த்து அலுவலகத்து ஆவிக்கலன் பழுது. யோசித்தேன். அழுத்தமும் நீராவியும் எங்கள் வீட்டு அடுப்பிலும் தினமும் நடக்கிற சமாச்சாரம்தானே? இருபது கருவிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் குக்கரில் தவணை முறையில் வேகவைத்தேன். (மருத்துவமனைச் சூட்டுக்குக் குக்கர் வராது என்பது எனக்குத் தெரியும். பாஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.) பருப்பு வேகும் நேரம் அம்மாவுக்கு, மீதி நேரம் எனக்கு என்று ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை காலை குக்கரில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடுக்கி. ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிப்பது. பார்ப்பதற்குக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும், ஆனால் வெட்டாது. விரல் வளையங்களுக்கருகே மூன்று பற்கள் உண்டு. அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். விசில் அடங்கியதும் அதை எடுத்துத் துடைத்துப் பையில் போடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். முதன்முதலாகப் போகும் இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போவது அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் நர்சுகளுக்கென்று பெரிய பொட்டலம் முறுக்கும் அதே பையில் ஏறியது.

மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்து கட்டும் பிரிவுக்குத் தலைவி சிஸ்டர் பரமேஸ்வரி. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். முப்பது வருடமாகக் கருவிகளைக் கையால் எண்ணியே காலம் தள்ளியவர். அவர் அறைக் கதவில் உணவுப் பொருளுக்கு அனுமதியில்லை என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. எனக்கு மூன்றும் படிக்க வரும். படித்துவிட்டு, பையிலிருந்து கருவிப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து, பையை மேசைக்கடியில் காலால் தள்ளினேன்.

பிறகு பேசினேன். மனிதர்கள் எண்ணினால் களைத்துப்போவார்கள், இடையில் யாராவது கூப்பிட்டால் கணக்கை விட்டுவிடுவார்கள், இயந்திரத்துக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்று சிஸ்டரின் முகத்துக்கு நேராகவே பத்து நிமிடம் விளக்கினேன். மருத்துவமனை இயக்குநரான டாக்டர் தலையாட்டினார். பாஸ் லிம் புன்னகைத்தார். பெட்டியைத் தட்டில் கவிழ்த்து ரீடரைக் காட்டினேன். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத்தான் இயந்திரம் இருக்கிறதே.

திரையில் சிவப்பாக வந்தது: இருபதில் பத்தொன்பது.

சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு, உதடசைய ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். அவருக்கும் பத்தொன்பதுதான் வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "உலோகம் கிட்ட இருந்தா சில நேரம் மெஷின் சரியாப் படிக்காது, சிஸ்டர்" என்றேன்.

"இங்க எல்லாமே உலோகம்தானே, தம்பி?" என்றார் சிஸ்டர். பாஸுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். தொலைந்தது கிடைக்கும்வரை ஆளும் வெளியே போக முடியாது, குப்பையும் போக முடியாது. இது வெறும் விளக்கம்தான், நிஜ ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் மெல்ல எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பட்டியலில் இருபது என்றால் தனக்கு இருபது வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் சிஸ்டர். விளக்கம் முடிந்ததும் நாசி கண்டார் சாப்பிடப் போகலாம் என்றிருந்த டாக்டரும் பாஸும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

குப்பைப் பையைத் தரையில் கொட்டி, பாஸ் லிம் குனிந்து கிளறினார். நான் ரீடரைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினேன். கழுவு தொட்டி, துணிக்கூடை, அலமாரிக்கடியில், ஒன்றையும் விடவில்லை. டாக்டர்கூட இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தேன். என் பை இருந்த பக்கம் மட்டும் போகவில்லை. அதில் முறுக்கு இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்பதுதான் அந்த நேரத்தில் என் கவலை.

"அந்தப் பை?" என்றார் சிஸ்டர்.

"அது என்னோட துணி, சிஸ்டர்."

அவர் என் கையிலிருந்து ரீடரை வாங்கிக்கொண்டு பைக்கருகே குனிந்தார். அது உடனே கூவியது. அந்த வாரம் முழுக்க அது அவ்வளவு தெளிவாகக் கூவி நான் கேட்டதில்லை.

சிஸ்டர் பொட்டலத்தை எடுத்து எஃகு மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உறையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து, அதன்மேல் இருபதாவது இடுக்கி கச்சிதமாகக் கவ்வியிருந்தது. அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன். பாஸ் லிம் குப்பைக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, முதலில் முறுக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

சிஸ்டர் இடுக்கியை ஆராய்ந்தார். "மூணு பல்லும் பூட்டியிருக்கு. அம்மாவா?"

"ஆமா, சிஸ்டர்."

"நல்ல கை" என்றார். பிறகு பாஸிடம் மலாயில் பேசினார். மெஷின் நல்ல மெஷின், ஒளித்து வைத்ததையும் பிடித்துவிட்டது, வாங்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "ஒனக்குத்தான் லா தம்பி ஒரு டேக் போடணும்" என்றார். அதையும் பாஸுக்கு மலாயில் மொழிபெயர்த்தார். கதவு திறந்தது. முறுக்கை வராந்தாவில் வைத்துச் சாப்பிட்டார்கள். டாக்டர் மூன்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா அசரவில்லை. "பையில போடுன்னுதானே சொன்ன? பையிலதான் போட்டேன். முறுக்கு நமத்துப் போகக் கூடாதுன்னு அதையே மாட்டி விட்டேன். கண்ணுல பட்டா நீ மறக்க மாட்டேன்னும் நெனச்சேன்."

திங்கட்கிழமை வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. கூடவே பாஸ் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். அதற்குள்ளே ஒரு டேக். கருவிப் பட்டியலில் இருபத்தொன்றாவதாக என் பெயரைச் சேர்த்திருந்தார். அந்த மருத்துவமனைக்கு நான் இன்றும் போகிறேன். சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் கதவருகே என் பைக்கு ரீடர் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். ஏனென்று இப்போதிருக்கும் பெண்களுக்குத் தெரியாது, நடைமுறைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, செய்கிறார்கள்.

முறுக்கைத் தொட்ட இடுக்கியை மருத்துவமனை ஏற்கவில்லை. அது எங்கள் வீட்டு மிக்சர் பொட்டலத்தில் இருக்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் அம்மா அதைக் கழற்றிக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"இவன் பத்து நிமிஷம் பேசுனான், யாரும் வாங்கல. நான் ஒரு இடுக்கிய மாட்டி விட்டேன், வாங்கிட்டாங்க."