வெயில் பாயும் பேனலின் நெற்றியும்

நிழலைக் கண்டாலே கோபம் வருகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பொங்கலூர்ப் பக்கத்தில் இருக்கிறார். பெயர் வெயில் பாய். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முன்பு பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்தவர். வெட்டித் தள்ளிய துணி வாங்கக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர், ஒருநாள் ஒரு மொட்டை மாடியில் சோலார் பேனல்களைப் பார்த்தார். அன்றோடு துணியின் மேல் இருந்த பற்று போயிற்று. கரண்ட் எட்டாத தோட்டத்து வீடுகளுக்குப் பேனல் மாட்டிக் கொடுப்பதே பிழைப்பு என்று ஆகிவிட்டது.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் நலம் விசாரிப்பது கூரையைத்தான். மனிதர்கள் அப்புறம். ஒருமுறை நண்பர் மகனுக்குப் பெண் பார்க்கும் கூட்டத்தோடு போய் வந்தார். பெண் எப்படி என்று கேட்டதற்கு, "கூரை நல்லா தெக்க சாஞ்ச கூரைங்க. மேல ஒரு மரம் கெடையாது. தாராளமா முடிக்கலாம்" என்றாராம். கல்யாணமும் நடந்தது. பெண்ணைப் பற்றி அவர் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.

தென்னை மரங்களோடு அவருக்குத் தீராப் பகை. மேகம் கூடினால் கடன்காரனைக் கண்டதுபோல் முகம் சுருங்கும். விவசாயிகள் மழைக்கு ஏங்கும் ஊரில் இப்படி ஒருவர் அடி வாங்காமல் நடமாடுவது அவருடைய நாக்கின் சாமர்த்தியம். "மழை ராத்திரியில பேயட்டுங்க, நானென்ன வேண்டாமுன்னா சொல்றேன்?" என்பார்.

நான் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் வெளித்தையலைப் பார்த்துக்கொள்கிறேன். வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக வீடுகளுக்குக் கொடுத்து, தைத்து வாங்குவது என் வேலை. அப்படி வேலை கேட்டு வந்தவர் ஈஸ்வரி. அவர் வீடு தோட்டத்துக்கு நடுவில். மின்கம்பம் நடப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இடம் விடாததால் கரண்ட் வரவில்லை. கணவர் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வர முடியாது, வருமானம் இல்லாமலும் முடியாது. பாய் பேனல் மாட்டி, பேட்டரி வைத்து, தையல் மிஷினை ஓட்டிக் காட்டினார். முதலாளி குழந்தைகள் பனியன் கட்டுகளைப் பரீட்சையாகக் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தால் தொடர்ந்து வேலை, சேராவிட்டால் கிடையாது என்று ஒரே பேச்சில் முடித்தார்.

அந்த மறுநாள் காலையில் ஈஸ்வரியிடமிருந்து போன். மிஷின் நாலு தையல் போட்டு நின்றுவிடுகிறதாம்.

பாயின் மொபெட்டில் இருவரும் கிளம்பினோம். அவர் வானத்தைப் பார்த்தபடியே ஓட்டினார். இருவருக்கும் சேர்த்து நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வெயிலில் ஒரு மிஷின் நிற்கிறது என்றால் தன் மானம் போயிற்று என்று வழியெல்லாம் புலம்பினார்.

வாசலில் கட்டிலில் படுத்திருந்த ஈஸ்வரியின் கணவர் காத்திருந்து சொன்னார்: "வேஸ்ட் யாவாரம் பண்ணுனவரு வேற என்னத்தக் குடுப்பாருங்க?"

பாய் நேராக ஏணி ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். மேலே பேனல்கள் கல்யாணக் கோலத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் நட்ட நடுவிலும் ஊத்தப்பம் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், மூன்று பட்டை விபூதி, குறுக்கே செவ்வந்தி மாலை. மிஷினுக்கும் மோட்டாருக்கும் வைக்கும்போது சோறு போடப் போகிற பேனலுக்கு வைக்காமல் இருப்பாரா ஈஸ்வரி? பேனலில் கொஞ்சம் மறைந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கைக்குட்டையை எடுத்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்கு வெச்சதுங் சார். நீங்களும் நானும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கீழே நின்ற ஈஸ்வரியை எட்டிப் பார்த்தார்.

"அம்மணி, பொட்டு ஜோரா இருக்குதுங்க. ஆனா கண்ணுக்குள்ள வெச்சுப்போட்டீங்க. அப்பறம் எப்படிங்க அது வெயிலப் பாக்கும்?"

ஈஸ்வரிக்கு முகம் வெளுத்தது. "நல்ல நாள்ல வெச்சதுங்க பாய். தொடச்சுப்போட்டா தொழில் கைய உட்டுப் போயிருமுங்க. போறதுக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது."

"ஆருங்க தொடைக்கச் சொன்னா? எடம் மாத்துங்க. ஓரத்துல அலுமினியச் சட்டம் இருக்குதல்லங்க, அதுதான் இதுக்கு நெத்தி."

ஈஸ்வரி புதிதாகச் சந்தனம் குழைத்துக்கொண்டு மேலே வந்தார். முதலில் சட்டத்தில் பொட்டு வைத்தார், அது காயும்வரை காத்திருந்தார், அதன் பிறகுதான் கண்ணாடியைத் துடைத்தார். பாய் அவசரப்படுத்தவில்லை. சூரியனை மட்டும் அவ்வப்போது ஒரு முறை முறைத்து, நில் என்பதுபோல் பார்த்தார்.

உச்சி வெயிலில் மிஷின் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. கட்டிலில் இருந்தவர் பாய்க்கு மோர் கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். கட்டுகள் சாயங்காலம் அதே மொபெட்டில் மண்ணரைக்கு வந்தன. தையலைப் பிரித்துப் பார்த்த முதலாளி, அடுத்த கட்டுகளை அங்கேயே ஏற்றிவிடச் சொன்னார். ஈஸ்வரி இன்றும் தைக்கிறார்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் பாய் தோட்டம் தோட்டமாகப் போய், நெற்றி எது, கண் எது என்று பாடம் நடத்திவிட்டு வருகிறார். போன பூஜையன்று ஈஸ்வரி பேனல்களுக்கு வைத்தது போக மிஞ்சிய சந்தனத்தோடு மொபெட் பக்கம் வந்து, வைக்கலாமா என்று தயங்கி நின்றார்.

"வெய்யுங்க அம்மணி. லைட்டு மேல மட்டும் வேண்டாம்" என்றார் பாய்.

மட்கார்டில் ஒரு பொட்டு விழுந்தது. ஒரு கண்ணாடியிலும் தூசு பொறுக்காத மனிதர், ஐப்பசி மழை தானாகக் கரைக்கும்வரை அதைத் துடைக்கவே இல்லை.