பெண் ஓட்டிய கசமோரி

மனித குலம் இதுவரை உண்டாக்கியவற்றில் கசமோரி மோட்டார் வண்டிக்கு ஈடாக எதுவுமில்லை என்று, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு நாகேந்திரமாகிய என்னால் அடித்துச் சொல்ல முடியும். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவன் செய்த சக்கரம் உருண்டு உருண்டு தேய்ந்துபோனது. என்னுடைய கசமோரியின் சக்கரங்கள் பதினொரு வருடமாகியும் தேயவே இல்லை.

இந்த ஜப்பானிய நிறுவனத்தின் வரலாற்றை அறியாதவர்கள் எங்கள் தொடர்மாடியில் கிடையாது. அறியாமல் லிஃப்டில் ஏறியவர்கள் இறங்கும்போது அறிந்திருப்பார்கள். ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் சைக்கிள் பம்ப் செய்து விற்றவர் கசமோரி கென்சோ. அவருடைய மனைவிக்குக் கால் ஏலாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போகமுடியாமல் அந்த அம்மையார் கரையில் நின்று கண்கலங்குவாராம். அதைப் பொறுக்கமாட்டாத கென்சோ பம்புகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பட்டறையிலேயே அடைந்துகிடந்து ஒரு காரைச் செய்து முடித்தார். அதுதான் முதலாவது கசமோரி. விளம்பரப் புத்தகத்தில் வந்த அதன் படத்தைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். சாரதி ஆசனத்தில் அம்மையார். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கென்சோ. கதை இந்தக் கட்டத்துக்கு வரும்போது நான் கைக்குட்டையை எடுப்பேன். கேட்பவர்களுக்கு அவர்களுடைய மாடி வந்துவிடும்.

என் மனைவி நேசமலர் அந்தப் படத்தைக் கிழமை தவறாமல் துடைப்பாள்.

‘கசமோரி நடுவழியில் நிற்காது’ என்பதுதான் உலகெங்கும் அதற்குள்ள பெயர். அந்தப் பெயருக்குப் பங்கம் வராமல் காப்பது ஒவ்வோர் உரிமையாளரின் தலையாய கடமை என்று நான் கருதுகிறேன். நடுவழியில் நிற்காதிருக்க ஒரு வண்டிக்கு ஆகச் சிறந்த வழி, வழியில் இறங்காமலே இருப்பது. ஆகவே என் கசமோரி இறங்கவில்லை. ஆசனங்களில் ஜப்பான்காரன் போட்ட பொலித்தீன் உறையை நான் கழற்றவில்லை. வெளியே இரட்டைத் துணி உறை. பற்றரி இறங்காதிருக்கக் காலையில் சற்றுநேரம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். அப்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில் மெல்லிதாக ஏதோ சொல்லும். நான் கைகூப்பி நிற்பேன். அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத்தானே சக்தி அதிகம்.

வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பூ. அன்றைக்கு மட்டும் நேசமலர் இடப்பக்க ஆசனத்தில் அமர்வாள். நான் ஏசியைப் போடுவேன். இருவரும் எதிரிலுள்ள சுவரைப் பார்த்தபடி அமைதியாக வீற்றிருப்போம். பிறகு லிஃப்டில் வீட்டுக்குத் திரும்புவோம். இதற்கு எங்கள் வீட்டில் ‘வெள்ளிக்கிழமைச் சவாரி’ என்று பெயர்.

இடையில் ஒரு பூனை வந்து துணி உறைக்குள் புகுந்து பொனெற்றின்மேல் உறங்கத் தொடங்கியது. நிர்வாகக் குழுத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா உடனடியாக அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

“பூனையை வளக்கிறது ஆர்?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன்.

“அப்ப ஆருக்கு எச்சரிக்கை குடுக்கிறது?”

“பூனைக்குத்தான் குடுக்க வேணும்.”

நெடுநேர விவாதத்தின்பின், ‘வாகனங்களின் மீது உறங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்ற அறிவித்தலை மூன்று மொழிகளிலும், பூனையின் கண்மட்டத்தில் ஒட்டுவதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பூனை அதன் அடியில் படுத்துக்கொண்டது.

இப்படிப்பட்ட வண்டி வீட்டில் நிற்கும்போது நேசமலருக்கு ஒரேயொரு குறை. அவளுடைய அக்கா யோகேஸ்வரி வத்தளையில், களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறா. இடுப்பில் ஒப்பரேஷன் செய்தபிறகு அக்கா வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. நேசமலருக்கு முழங்கால் நோ. புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஏற இயலாது.

“இஞ்சாருங்கோ, அக்காவை ஒருக்காக் காரில போய்ப் பாப்பமே?” என்று கேட்பாள்.

“மழை வரும்போல கிடக்கு.”

“வெயிலெல்லே எறிக்குது?”

“வெயில் பெயின்ருக்குக் கூடாது.”

“அப்ப பொழுதுபடப் போவம்.”

“அந்த நேரம் ட்ரஃபிக். ஆரும் கொண்டுவந்து இடிச்சுப்போடுவாங்கள்.”

“நீங்கள் பயமெண்டா நான் ஓடுறன். லைசன்ஸ் இருக்குத்தானே.”

இருந்தது உண்மைதான். கார் வாங்கிய வருடம் இருவரும் ஒரே பயிற்சிப் பாடசாலைக்குப் போனோம். அவள் முதல் தடவையிலேயே சித்தியடைந்தாள். நான் அவசரப்படாமல் மூன்றாம் தடவையில் சித்தியடைந்தேன்.

“இது ஜப்பான் இஞ்சின், மலர். உமக்குச் சரிவராது.”

“சரி, அப்ப த்ரீவீலில போட்டு வாறன்.”

“வீட்டில கசமோரி நிக்க, நீர் த்ரீவீலில போனா சனம் என்ன கதைக்கும்? கொம்பனியின்ர மரியாதை என்னாகிறது?”

ஆகவே அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் இந்த வசதி இருந்திருந்தால் பாவம், கென்சோ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை.

நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. பழைய கார்களெல்லாம் தங்கமாயின. நான் ஞாயிறு பத்திரிகையில் கசமோரியின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தேநீரைக் குடித்தேன். பிறகு ஒருநாள் ஸ்ரீஸ்கந்தராசா லிஃப்டில் என் காதோடு சொன்னார்.

“ஐசே, இறக்குமதியைத் திறந்திட்டாங்கள். கப்பல் கப்பலாப் புது வாகனம் வந்திறங்குது. இப்ப விக்காட்டி நீர் அதுக்கு முன்னால சாம்பிராணி காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.”

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விற்பதென முடிவெடுத்தேன். இந்த நாட்டில் கார் விளம்பரத்துக்கு ஒரு புனித வாசகம் உண்டு: ‘பெண் ஓட்டியது’. பெண் ஓட்டிய கார் வேகமாய்ப் போயிராது, முட்டியிராது, சிகரெட் மணக்காது என்பது கொழும்பு வாழ் மக்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை. விற்பனைக்கு வரும் நல்ல கார்களை ஆண்கள் ஓட்டியதே இல்லை. ஆண்கள் ஓட்டுவதெல்லாம் வீதியில் மட்டும்தான் காணக்கிடைக்கிறது.

நானும் ஞாயிறு பத்திரிகைக்கு எழுதினேன்: ‘கசமோரி ஹோஷி. ஒரே உரிமையாளர். பெண் ஓட்டியது. ஒரு கீறலும் இல்லை.’ இதில் பொய் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நேசமலர் பெண். கார் ஓடக்கூடியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னது மட்டுமே நான்.

“மலர், ஆரும் வந்து கேட்டா நீர்தான் ஓடினதெண்டு சொல்லும்.”

அவள் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நான் எங்க ஓடினனான்?”

“கிழமைக்கு ஒருக்கா வத்தளைக்கு. அக்கா வீட்டை. ஆறுதலா, மெள்ள மெள்ள, ரோட்டுக் கரையால.”

“நான் அக்கா வீட்டை போறனானோ?”

“விளம்பரத்தின்படி போறனீர்.”

அவள் துணியை மடித்து வைத்தாள்.

“நான் போகேக்க அக்கா கேற்றடியில பாத்துக்கொண்டு நிக்கிறவவோ?”

இதென்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. “ஓம், நிக்கிறவ,” என்றேன். அவள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். அன்று பின்னேரம் பயறு வறுக்கும் வாசம் வந்தது. சம்மதத்தின் அறிகுறியாக அதை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தெஹிவளையிலிருந்து நளீபா என்ற இளம் ஆசிரியை தன் கணவர் ஷிஹானுடன் வந்தா. ஷிஹான் ஜப்பானில் பல வருடம் வேலை செய்தவராம். தகுதியான கைகளுக்குத்தான் வண்டி போகிறது என்று மனம் நிறைந்தது. உறைகளை ஒவ்வொன்றாக உரித்து, ஸ்டார்ட் பண்ணினேன். ஜப்பான் குரல் ஒலித்தது. நான் வழமைபோலக் கைகூப்பினேன்.

“என்ன அங்கிள் கும்பிடுறீங்க?” என்றார் ஷிஹான்.

“வாழ்த்துது தம்பி.”

“வாழ்த்தல்ல அங்கிள். கார்ட் போடல்ல எண்டு செல்லுது. அங்க ஹைவேக்குச் சல்லி கட்டுற கார்ட்.”

நான் அசரவில்லை. பதினொரு வருடமாக அந்தக் கார்டைக் கேட்டுக் கேட்டும் வண்டி ஒரு நாளாவது குரலை உயர்த்தியிருக்கிறதா? எங்கள் பஸ் கொண்டக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பாடு அது.

நளீபா இடப்பக்கக் கதவைத் திறந்தா. “ஆன்டி ஓட்டட்டும். நான் பக்கத்து சீட்ல ஈந்து பாக்கிறன். பொம்பள ஓட்டின கார் எண்டதாலதானே வந்த நாங்க. அங்கிள் ஃபோன்ல சென்ன அந்த வத்தள ரோட்டாலயே போவோம்.”

“வத்தளைக்கோ? இப்பவோ? ட்ரஃபிக் பிள்ளை, மழை வேற—”

“கிழமைக்கு ஒருக்காப் போற ரோட் தானே அங்கிள்?”

இதற்கு மறுமொழி விளம்பரத்தில் இல்லை. நான் வண்டியின் திறப்பைக் கழற்றி நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நேசமலர் அதை என் கையிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன்: அவள் நல்ல சேலை உடுத்திருந்தாள். தோளில் கைப்பை, அதற்குள் லைசன்ஸ். மற்றக் கையில் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம்.

நானும் ஷிஹானும் பின் ஆசனத்தில். பொலித்தீன் எங்களுக்குக் கீழே நறநறத்தது. வண்டி சரிவில் ஏறி வெயிலுக்கு வந்தது. வெயில் பொனெற்றில் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நேசமலர் மரைன் டிரைவ் வழியே கடலைப் பார்த்தபடி போனாள். காலிமுகத்திடலில் பட்டங்கள் பறந்தன. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள். உள்ளே உப்புக்காற்று புகுந்தது. என் கண் மீற்றரில் இருந்தது. பதினொரு வருடம் அசையாமல் வைத்திருந்த எண்கள், அவிழ்த்துவிட்ட கன்றுகள்போலத் துள்ளிக்கொண்டு ஓடின. கொட்டாஞ்சேனையில் ஒரு பஸ் நெருக்கியது. அவள் ஹோர்ன் அடித்தாள். என் கசமோரிக்கு இப்படியொரு குரல் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“ஆன்டி சோக்கா ஓட்டுறீங்க,” என்றா நளீபா.

“பழக்கம்தானே பிள்ளை,” என்றாள் என் மனைவி. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கலியாணமான புதிதில் பார்த்த முகம்.

களனிப் பாலம் வந்தது. ஜப்பான் உதவியோடு கட்டிய பாலத்தின்மேல் ஜப்பான் கார்! நான் பின் ஆசனத்திலிருந்தே கைகூப்பினேன். நேசமலர் பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்து ஆற்றை ஒருதடவை பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் இருநாட்டு நட்புறவில் இவ்வளவு ஈடுபாடு உண்டென்று நான் நினைத்திருக்கவில்லை.

வத்தளையில் யோகேஸ்வரி, யாரோ சொல்லிவைத்ததுபோல, ஊன்றுகோலோடு கேற்றடியில்தான் நின்றா. தங்கை கதவைத் திறந்து இறங்கியதும் கோல் கைநழுவிவிட்டது.

“எடியே மலர்! நீயே ஓடிக்கொண்டு வந்தனி? உந்தக் கார் ஓடுமே? இத்தனை வருஷமா உன்ர முகத்தை ஃபோனிலதானேயடி பாத்தனான்!”

இரண்டு சகோதரிகளும் கட்டிக்கொண்டு நின்றார்கள். பணியார டப்பா இடையில் நசுங்கியது. நளீபா மெல்ல என் பக்கம் திரும்பினா.

“அங்கிள், கிழமைக்கு ஒருக்கா எண்டு சென்னீங்களே?”

இக்கட்டான வேளையில் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றுவது அதன் வரலாறுதான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பிள்ளை, கசமோரியின்ர சரித்திரம் உமக்குத் தெரியுமோ? கென்சோ எண்டு ஒரு மனுசன். அவர்ர மனுசிக்குக் கால் ஏலாது. ஆத்துக்கு அங்கால தாய்வீடு—”

பர்ரென்று ஒரு சத்தம். நேசமலர் முன் ஆசனத்துப் பொலித்தீனை ஒரே இழுவையில் கிழித்தெடுத்து என் கையில் திணித்தாள்.

“அக்கா, ஏறுங்கோ. கடற்கரைப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம். நளீபா, நீரும் பின்னால ஏறும் பிள்ளை, தம்பியையும் கூப்பிடும். கார் விக்கிறதுக்கில்லை. வந்ததுக்கு ஒரு சவாரியெண்டாலும் போவம்.”

“கதை முடியேல்லை, மலர்,” என்றேன். கிழிந்த பொலித்தீன் என் கையில் இருந்தது.

அக்காவின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நளீபாவிடம் அவள் சொன்னாள்:

“முடிவை நான் சொல்லுறன் பிள்ளை. அந்த ஜப்பான்காரன் மனுசிக்காக ஒரு காரைச் செய்தவர். இவர் காருக்காகப் பேப்பரில ஒரு மனுசியைச் செய்தவர்.”