தழும்பில்லாத கை

என் மகள் ரத்னாவின் கையில் ஊசி படக்கூடாது. இது என் தீர்மானம். வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன் தீர்மானம் செய்தால் அது கல்லில் செதுக்கியது மாதிரி. பக்கத்து மாமல்லபுரத்தில் கல்லில் செதுக்கியவற்றில் பாதி முடியாமலே நிற்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

தலைப்பிரசவத்துக்குக் கோவளம் போயிருந்த என் மனைவி சம்பூர்ணம், குழந்தையோடு திரும்பி வாரம்கூட ஆகவில்லை. கடல்காற்று ஆகாதென்று அதற்கு முழுக்கைச் சட்டை போட்டு, கழற்றாமலே வைத்திருந்தாள். அதற்குள், பெரியம்மை வராமலிருக்க ஊசியால் அம்மை குத்துகிறவர்கள் செங்கல்பட்டிலிருந்து வருவதாகப் பேச்சு.

"கொழந்தைக்கு வலிக்கும்மே," என்றேன்.

"கொழந்தைக்கா, உனக்கா?" என்று என் கையைப் பார்த்தாள்.

எங்கள் குப்பத்தில் அம்மை குத்திய தழும்பில்லாத கை என்னுடையது ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே, அம்மை குத்துகிறவர் தலை தெரிந்தால் நான் கடலுக்குள் இருப்பேன். அலை தாண்டி வந்து குத்துகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் கைக்குழந்தையைக் கட்டுமரத்தில் ஏற்ற முடியுமா? மூளையைப் பயன்படுத்தினேன். விடிந்ததும் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினேன். அம்மை பார்த்த வீடு என்று அர்த்தம். அந்நியர் படியேற மாட்டார்கள்.

சம்பூர்ணம் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நல்ல ரோசனைதான்," என்றாள். "செஞ்சா ஒழுங்கா செய்யணும். அம்மை பார்த்த வூட்ல மீன் கொழம்பு வெப்பாங்களா?"

"ரத்னாவுக்குப் பல்லே இல்ல. அவ மீன் துன்னாட்டி இன்னா?"

"பத்தியம் வூட்டுக்குய்யா."

பகலில் மோர்க்கூழ். இரவிலும் மோர்க்கூழ். அடுத்த வீட்டில் வஞ்சிரம் வறுத்தார்கள். அந்த வாசனைக்கு மட்டும் வேப்பிலை என்றால் என்னவென்று தெரியவில்லை. நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கடலுக்குக் கிளம்பினேன். எப்போதும் என்னோடு வருகிற மச்சான் இருசப்பன் கரையிலேயே கையை நீட்டித் தடுத்தான்.

"அம்மை வூட்லேர்ந்து வந்துகினு மரத்தைத் தொடாத மச்சான். வேப்பிலை எறங்குனப்புறம் வா."

வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு ஜீப் வந்தது. குப்பத்தில் வேறு எங்கும் நிற்காமல் என் வாசலில் நின்றது. அம்மை குத்துகிற தனகோடி இறங்கினார்.

"வேப்பிலையைப் பார்த்துமா வரீங்க?" என்றேன்.

"அதைத் தேடித்தானேப்பா ஊர் ஊரா அலையறோம். அம்மை கீற வூட்ல ஒரு ஆள் விடாம குத்தணும்."

"அம்மையே இல்லீங்க. சும்மா செருகுனேன்."

"அப்போ இன்னும் நல்லது. வந்தது வந்தோம். கையைக் காட்டு."

"கொழந்தைக்கு வேணாம்," என்று குறுக்கே நின்றேன்.

சம்பூர்ணம் நிதானமாக ரத்னாவின் சட்டைக் கையை ஏற்றிவிட்டாள். மேல்கையில் காய்ந்து பொருக்குதிர்ந்த வட்டத் தழும்பு.

"இவளுக்குக் கோவளத்துலயே குத்தியாச்சு. நீதான் பாக்கி. உன்ன எப்டிடா கரையில குந்த வெக்கிறதுன்னு தெரியாம பேஜாரா இருந்திச்சு. நீயே எலையைக் கட்டிக்கினு குந்திட்ட."

கடலைப் பார்த்தேன். அலைக்கு அப்பால் இருசப்பனின் கட்டுமரம் ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது. தனகோடி என் இடது கையைப் பிடித்தார். சம்பூர்ணம் ரத்னாவிடமிருந்த கிலுகிலுப்பையை வாங்கி என் வலது கையில் வைத்தாள்.

"வலிச்சா இத்த ஆட்டிக்கினு இரு."

ஆட்டினேன்.