கத்திரிக்காய்க்கு வடக்கு காட்டிய கதை

அன்றைக்கு எங்கள் கத்திரித் தோட்டத்தில் இருந்தவர்கள்: ஐயா, ஆத்தா, தெய்வானை அக்கா, பக்கத்துத் தோட்டத்து அத்தை, அத்தை மகன் வடிவேல் மச்சான், பந்தல்குடிப் பக்கமிருந்து வந்த கோடாங்கி, கால் கட்டிய ஒரு சேவல், நான். இல்லாதவர் ஒரே ஒருவர்தான். செம்பையும் காந்தத்தையும் மண்ணில் புதைத்தால் செடி ஆளுயரம் வளரும் என்று பத்திரிகையில் எழுதிய புண்ணியவான். அவர் எந்த ஊரில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாரோ!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். மதுரையில் பி.யு.சி. முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் திருச்சுழி ரோட்டிலிருந்த எங்கள் ஊரில் சும்மா இருந்த காலம். (அறுபதுகளின் கடைசி. படித்தவன் சும்மா இருப்பதற்கு அப்போது ஒரு மரியாதை உண்டு.) என்னைப் படிக்கவைக்க ஐயா ஒரு ஜோடி மாட்டை விற்றிருந்தார். அந்த மாடுகளுக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குள் ஓர் அரிப்பு. பதில், காரியாபட்டியில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தில் கிடைத்தது. மேலே சொன்ன கட்டுரைதான். அதுவும் மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதி கடலை வாங்கிய வேறு யாரிடமோ போய்விட்டது. ('இதெல்லாம் நம்பத்தக்கதல்ல' என்ற வரி அதில் இருந்திருக்கலாம்.)

அருப்புக்கோட்டைப் பாத்திரக்கடையில் செப்புத் தகடு வாங்கி மூன்று துண்டாக வெட்டினேன். மைக்செட்காரர் ஒருவர், கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றி இனாமாகத் தந்தார். தகடு வடக்கு தெற்காகக் கிடக்க வேண்டும் என்றது தாள். திசை மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தகட்டிலும் ஆணியால் ஒரு முனையில் 'வ', மறுமுனையில் 'தெ' என்று கீறினேன். ஆளில்லாத நேரம் பார்த்துப் புதைத்தேன். செடி ஆளுயரம் வந்த பிறகு விஷயத்தை வெளியிட்டு எல்லோரையும் வாயடைக்க வைப்பதாகத் திட்டம்.

ஒரு வாயும் அடைபடவில்லை. நான் டவுனுக்குப் போயிருந்த நாளில் ஆத்தா களை எடுத்திருக்கிறாள். களைக்கொத்தி மண்ணில் பட்டதும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்றிருக்கிறது.

"மதினி, இங்க வாங்க! மண்ணு கொத்தியப் புடிச்சு இழுக்குது!"

அத்தை வேலி தாண்டி ஓடி வந்து மண்ணை விலக்கிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு வளையம். அதன் பக்கத்தில் எழுத்துக் கீறிய செப்புத் தகடு. எங்கள் பக்கத்தில் செப்புத் தகட்டில் எழுதி மண்ணில் புதைப்பது ஒரே காரியத்துக்குத்தான். செய்வினை.

"தொடாதீக மதினி! அப்படியே கெடக்கட்டும்!"

சாயங்காலம் நான் வருவதற்குள், செய்வினை எடுக்கக் கோடாங்கிக்கு ஆள் போய்விட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ படிச்ச புள்ள, ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. பேசாம இரு" என்றாள் ஆத்தா. பேசாமல் இருந்தேன். (இது பயமல்ல, தாய்ச்சொல் தட்டாமை.)

மறுநாள் கோடாங்கி உடுக்கை அடித்து, ஆடி, வரிசையாகத் தோண்டி, ஐந்து தகடுகளை எடுத்து வாழையிலையில் வைத்தார். நான் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன். நான் புதைத்தது மூன்று!

அவர் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "வ... தெ... வ-னாவுல இங்க ஆரு? தெ-னாவுல ஆரு?"

வடிவேல் மச்சான். தெய்வானை அக்கா. அவர்கள் இருவருக்கும்தான் தை மாதம் கல்யாணம், பரிசமும் போட்டாகிவிட்டது.

"சேர விடாமப் பிரிக்க வச்ச தகடு தாயீ."

அத்தை ஆத்தாவைப் பார்த்தாள். "அதான பாத்தேன்! பியூன் மாப்பிள்ளை வேணும்னு அலைஞ்சவுகதான நீங்க?"

"ஏன், விருதுநகர்ல பத்துப் பவுன் போடுறோம்னவுக வீட்டுல போயி காபி குடிச்சிட்டு வந்தது ஆரு?"

"இந்தச் சம்பந்தமே வேணாம். வாடா வடிவேலு!"

மச்சான் எழுந்தார், நகரவில்லை. அக்கா சத்தமில்லாமல் கத்திரி இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வ-ன்னா வடக்கு! தெ-ன்னா தெற்கு! நான்தான் வச்சேன்!"

கோடாங்கி தகட்டை இலையில் வைத்தார். ஐயா நிதானமாகக் கேட்டார்: "வடக்கு எதுன்னு தெரிஞ்சு கத்திரிக்காய் எங்கலே போகப் போகுது?"

"சக்தி ஐயா... பூமிக்குள்ள இருக்கிற சக்தி, செம்பு வழியா ஏறி..."

"நாஞ் சொல்றதும் தம்பி சொல்றதும் ஒண்ணுதேன்" என்றார் கோடாங்கி, தொழில் மரியாதையோடு. "தம்பிக்கு ஆருகிட்டப் பாடம்?"

"மதுரையில... பி.யு.சி."

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். "மாட்ட வித்து இதையா அண்ணே படிக்க வச்ச?"

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "ஏலே தம்பி, நீ எத்தனை வச்ச?"

"மூணுக்கா."

"அப்ப மத்த ரெண்டு?"

சேவல் உட்பட எல்லோரும் கோடாங்கியைப் பார்த்தோம். "அது... முந்தின தலைமுறைத் தகடு தாயீ" என்றார் அவர். மச்சான் ஒன்றை எடுத்துத் திருப்பினார். "முந்தின தலைமுறையா? மண்ணே ஒட்டலையே! எம் மூஞ்சியில்ல தெரியுது!"

முதலில் சிரித்தது அத்தை. அடுத்து ஆத்தா. இருவரும் ஒரே கட்சியாகிக் கோடாங்கியை வறுத்தெடுத்த வேகத்தில் சம்பந்தம் முன்பைவிடக் கெட்டியாகிவிட்டது. ஐயா மட்டும் நியாயம் பேசினார். எடுக்கும் தகடு ஒன்றுக்குக் கோடாங்கிக்கு அஞ்சேகால் ரூபாய் என்று பேச்சு. அவராகக் கொண்டுவந்த இரண்டுக்குக் கிடையாது, ஆனால் மற்ற மூன்றையும் வெயிலில் தோண்டியது மெய்தானே? சேவல் குழம்பானது. கோடாங்கியும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தோண்டியதில் வேர் அறுந்து செடிகள் வாடிப்போயின. கல்யாணத்துக்குக் கத்திரிக்காய் சந்தையில்தான் வாங்கினோம்.

இன்றும் அக்கா வீட்டில் மச்சானுக்குப் பெயர் வடக்கு. "வடக்கு வெளிய போயிருக்கு, நீ உக்காரு" என்பாள் அக்கா. மச்சானோ என்னைக் கண்டால், "தெற்குக்கு இன்னைக்கு என்மேல கோவம். ஒரு தகடு இருந்தாக் குடு மாப்ள" என்பார்.

ஐயா இருந்தவரைக்கும், மகள் கல்யாணத்துக்கு என்ன செலவாயிற்று என்று யார் கேட்டாலும், பந்தலுக்கு இம்புட்டு, பந்திக்கு இம்புட்டு என்று ஒப்பித்து முடிப்பார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"தகடு வாங்குன வகையில நாலே முக்கால், தோண்டுன வகையில பதினஞ்சே முக்கால். வடக்கு தெற்குக்கு மட்டும் இருபதரை ரூவா."