கட்டிப்போட்ட கைப்பிடி

படகு மோட்டாரின் கைப்பிடிக்கு இரண்டாவது ரப்பரையும் கட்டி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள்.

"உனக்குக் கை வலிக்கக் கூடாதுன்னுதான்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

முடிச்சை இன்னும் இறுக்கினேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியிலிருந்து படகின் இரண்டு ஓரங்களுக்கும் இழுத்துக் கட்டியிருந்தேன். கைப்பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் ரப்பர் அதை நடுவுக்கே கொண்டுவந்துவிடும். தூண்டில்களை இழுத்துக்கொண்டு படகு நேராக ஓடும். யாரும் ஓட்ட வேண்டியதில்லை.

உண்மைக் காரணம் வேறு. நான் தூண்டில்களைப் பார்த்துக்கொள்ள, அவள்தான் படகை ஓட்டுவாள். எந்தத் திசையில் கிளம்பினாலும் கொஞ்ச நேரத்தில் மோட்டார் மெக்கானிக்கின் படகுக்குப் பக்கத்தில் போய்ச் சேருவோம். கேட்டால், அலை தள்ளிவிட்டது என்பாள். அலைக்கு அந்த ஆளை அவ்வளவு பிடிக்குமா? அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். அவரும் தங்கச்சி என்கிறார். இருக்கட்டும். மீன் பிடிக்கத் தலை சீவிக்கொண்டு வருகிற அண்ணனை நான் பார்த்ததில்லை. அவர் படகில் அவர் மனைவியும் இருப்பாள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. என் படகில் நான் இல்லையா?

அன்று சாயங்காலம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கோடு போட்டதுபோல் ஓடியது. இரை டப்பாவை எடுக்க ஓரமாக நகர்ந்தபோது மட்டும் எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பியது. சின்னப் படகு, ஆள் நகர்ந்தால் சாயும், சாய்ந்தால் திரும்பும். நடுவில் வந்து உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் வடக்கே போவதைப் பார்த்துவிட்டுத் தெற்கே கிளம்பினேன். மனைவியை நடுப்பலகையில் உட்காரவைத்து, எதையும் தொடாதே என்றேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

நான் அவளுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு கண் தூண்டிலில், ஒரு கண் கைப்பிடியில். கைப்பிடி அசையவே இல்லை. பெரிய மீன் ஒன்று மாட்டியது. அதை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே சீவிய தலை.

"வாங்க மாப்ளே," என்றார் மெக்கானிக்.

ரப்பரை மாற்றினேன். மறுநாளும் அதே தலை. பிறகு மோட்டார் மேல் சந்தேகம் வந்தது. அதைக் கடைசியாகப் பழுது பார்த்தவர் அவர்தானே. தன் பக்கமே திரும்பும்படி உள்ளே எதையாவது செய்துவைத்திருப்பார். மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ மோட்டாரைக் கழட்டிட்டுத் துடுப்புல போவோமா?" என்றாள்.

அடுத்த நாள் நானும் தலை சீவிக்கொண்டு போனேன். படகுகள் வழக்கம்போல் ஒட்டி நின்றன. மெக்கானிக் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எங்க போனாலும் ஏன் பின்னாலயே வர்றீங்க?"

"நானா? நீங்கதான் வர்றீங்க."

"நான் கைப்பிடியைக் கட்டிப்போட்டில்ல வெச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். அவர் கைப்பிடியின் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர். என்னுடையதைவிட முடிச்சு நன்றாக இருந்தது. அதுவும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

பெண்கள் இருவரும் எங்களைக் கவனிக்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் போதாது போலிருந்தது.

நானும் மெக்கானிக்கும் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் வடக்கே, நான் தெற்கே. ஆளுக்கு ஒரு ரப்பர் அதிகமாகக் கட்டிக்கொண்டோம். நாளை சந்திக்க மாட்டோம் என்பதுபோல் கையசைத்துப் பிரிந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும், அவர் படகு நேராகத்தான் போகிறதா என்று பார்த்தேன். அவர் மனைவி, கை மடியிலேயே இருக்க, பலகையின் வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். அவர் படகு மெல்லச் சாய்ந்து திரும்பியது.

என் மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.